சின்ன மூக்குப் பிரஷ்

சென்னை, தங்கசாலைத் தெரு
18–1–1937

சுந்தரவல்லிக்கு ராமமூர்த்தி எழுதுவது.

நான் ஊரை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் கடிதம் உன்னிடமிருந்து வரட்டும் என்று இருந்தேன். வரவில்லை. உன் பிடிவாதம் எனக்குப் புதிதல்ல.

இங்கே ஒரு பெரிய அச்சாபீஸில் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்திருக்கிறேன். காலண்டர் படங்கள் போடுகிற இடம். எனக்குத் தனி மேஜை, தலைக்கு மேல் மின்சார விசிறி. மதுரையில் லத்தீப் பாயின் ஸ்டூடியோவில், திரைக்குப் பின்னால் உன்னோடு வியர்த்து வழிந்து போட்டோக்களைப் பெரிதாக்கி வர்ணம் பூசின காலம் போய்விட்டது. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மேலூர் பாண்டியம்மாள் முன்னால் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "கண்ணும் நகையும் நான் போடுவது, இவர் வானம் மட்டும்தான் போடுவார்" என்று சொன்னாயே, அப்படி நீ அவமானப்படுத்தின மனுஷனுக்குத்தான் இந்த மரியாதை.

இப்போது எழுதுகிற விஷயம் சின்னது. முதலாளி காற்றால் வர்ணம் ஊதுகிற ஏர்பிரஷ் ஒன்று வாங்கச் சொல்லி, தேர்ந்தெடுக்கிற பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார். மவுண்ட் ரோட்டுக் கடையில் இரண்டு இருக்கின்றன. இரண்டும் சீமைச் சரக்கு, இரண்டும் முதல் தரம். ஒன்றுக்கு மூக்கு பெரிது, வர்ணம் அடியில் தொங்கும் கண்ணாடிக் குப்பியில் இருக்கும், கையில் கனக்கிறது. மற்றது பேனா மாதிரி மெல்லியது. மூக்குத் துவாரம் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கவாட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கிண்ணம், அதில் நாலு சொட்டு வர்ணம்தான் பிடிக்கும்.

ஸ்டூடியோவில் நாம் வைத்திருந்தது இதில் எந்த ரகம் என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை. வேலை மும்முரத்தில் இப்படிச் சில்லறை விஷயங்கள் மறந்துபோகின்றன. நகை, ஜரிகை மாதிரி நுணுக்க வேலைக்கு எது ஒத்துவரும் என்று நினைக்கிறாய்? முடிவு என்னுடையதுதான். சும்மா கேட்டு வைக்கிறேன்.

உடனே பதில் எழுதவும்.

ராமமூர்த்தி


மதுரை, செல்லூர்
22–1–1937

அவர்களுக்கு சுந்தரவல்லி எழுதுவது.

கடிதம் வந்தது. கவர் மேல் உங்கள் பெயரை நானே எழுதியிருக்கிறேன். வாயால்தானே சொல்லக்கூடாது என்றார்கள்.

மறந்துபோய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வருஷம் அந்தப் பிரஷைப் பிடித்தவள் நான். வானம் போடுகிற நேரத்துக்கு மட்டும் நீங்கள் வாங்குவீர்கள். கழுவாமல் திருப்பிக் கொடுப்பீர்கள்.

நம்மிடம் இருந்தது சின்ன மூக்கு. நுணுக்க வேலைக்கு அதுதான். வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு அரிசியை வைத்து, அதைச் சுற்றிக் கோடு போடுங்கள். அரை விரல் உயரத்தில் பிடித்து, பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தினபடியே மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்தால் வர்ணம் வரும். கோடு நூலாக விழுந்தால் பிரஷ் நல்லது. விழாவிட்டால் பிரஷைக் குறை சொல்லாமல் கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெரிய மூக்கும் மட்டமல்ல. வானம், சுவர், தூரத்து மலை, இதற்கெல்லாம் அது ராஜா. பிடிக்கப்போகிறவர் யார் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நீங்கள்தான் பிடிக்கப்போகிறீர்கள் என்றால் பெரிய மூக்கை வாங்குங்கள். அச்சாபீஸ்காரர் பணம் வீணாகாது.

பாண்டியம்மாள் மகள் படம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. என் கை படாமல், ரோஷத்தோடு பத்தே நாளில் முடித்துப் பாயிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினீர்கள். மறு வாரமே அந்த அம்மாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டாள். மேஜைமேல் வைத்து, "இந்தப் பொம்பள யாரு பாய்?" என்று கேட்டாள்.

"உங்க மக சோலையம்மாதான்" என்றார் பாய்.

"எம் மகளுக்குப் புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும். கெணத்துப் படியில விழுந்தப்ப நாந்தான் மஞ்சப்பொடி வச்சு அமுக்குனேன். இவளுக்கு இல்லையே. நீங்க வேற யாரையோ குடுக்குறீக."

இறந்துபோன பெண்ணுக்கு இருப்பது அந்த ஒரே போட்டோ. அதுவும் கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில், நகத்தளவு முகம். அதில் தெரிந்த தழும்பைப் பூசி மறைத்திருக்கிறீர்கள். அழகாக்கினீர்களாக்கும்.

சரி, நான் திருத்தலாம் என்று பெட்டியைத் திறந்தால் பிரஷின் ஊசி வளைந்திருக்கிறது, மூக்கு பிளந்திருக்கிறது. கீழே போட்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துணியில் சுற்றி, பிணத்தைக் கிடத்துகிற மாதிரி பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். எட்டு மாதமாக ஸ்டூடியோவில் ஏர்பிரஷ் இல்லை. மயிர்ப் பிரஷை வைத்து ஓட்டுகிறோம். பாண்டியம்மாள் மாதம் ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போகிறாள்.

சுந்தரவல்லி


சென்னை
2–2–1937

சுந்தரவல்லிக்கு,

புருஷனுக்கு எழுதுகிற கடிதமா அது? நம் வீட்டுப் பாஷையில் நேரில் திட்டியிருந்தால்கூட இவ்வளவு காரம் இருந்திருக்காது. நெசவுக்காரர் வீட்டில் பிறந்து, நாலு பார்டர் டிசைன் போடத் தெரிந்துகொண்டு வந்தவளுக்கு வர்ணம் குழைக்கவும் ஸ்டூடியோ வேலையும் கற்றுக்கொடுத்தது யார்? அதை மறந்துவிட்டாய்.

கடைக்குப் போனேன். நீ சொன்னாய் என்பதற்காக அல்ல. சின்ன மூக்கு ஒரு பொம்பளைப் பிரஷ். தொட்டால் துப்புகிறது, விட்டால் அடைத்துக்கொள்கிறது. அரிசியைச் சுற்றி நான் போட்ட கோட்டைப் பார்த்துக் கடைக்காரன் சிரித்தான். மரியாதை தெரியாத பயல். பெரிய மூக்கை எடுத்து ஒரு வீச்சில் மேகம் போட்டேன். சிரித்தவன் எழுந்து நின்றான். அதையே வாங்கலாம் என்றிருக்கிறேன்.

இதற்கிடையில் மதுரை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எங்கள் ஆபீஸில் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். ஒரு பெண் பட்டுப்புடவை கட்டி வைகைக் கரையில் நிற்க வேண்டும். பின்னால் சாயங்கால வானம். புடவையில் ஜரிகை இழை இழையாகத் தெரிய வேண்டுமாம். முதலாளி அதை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்.

நான் யோசித்துப் பார்த்தேன். நடந்ததை மன்னித்துவிட்டேன். நீ புறப்பட்டு வா. உன் தம்பி நாகசுப்பிரமணியன் கொண்டுவந்து விடட்டும். நான் ஜாகை பார்த்திருக்கிறேன். படத்தை ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். பார்டரும் நகையும் நீ போடு. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கையெழுத்து வழக்கம்போல என்னுடையது. ஊரில் எப்படி நடந்ததோ அப்படியே நடக்கட்டும்.

எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

ராமமூர்த்தி


செல்லூர்
7–2–1937

அவர்களுக்கு,

மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்கு என்று எழுதவில்லை. உண்மையைச் சொன்னதற்கா, திரையை விலக்கினதற்கா?

வர்ணம் குழைக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். இல்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. ஆறு வருஷத்தில் எழுபது படத்துக்கு மேல் நான் முடித்திருக்கிறேன். எல்லாவற்றின் மூலையிலும் "ஆர்ட்டிஸ்ட் ராமமூர்த்தி" என்று நீங்கள் சாய்த்து எழுதினபோது நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பாண்டியம்மாள் சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "இந்தக் கண்ணு போட்ட கைதேன் எம் மகளுக்கும் போடணும்" என்றாள். "இந்தக் கைதான் அம்மா" என்று உங்கள் கையை நீட்டினீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைத் திரைச்சீலை இடுக்கில் பார்த்த பிறகும் நான் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நான் வரவில்லை. உங்கள் ஜாகையில் ஒளிந்துகொண்டு ஜரிகை போட எனக்கு நேரமில்லை.

உங்கள் கடித விஷயத்தைப் பாயிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைப் பிரஷ நம்ம வாங்கிப்புடுவோம் தங்கச்சி. அவருக்குத்தேன் வேண்டாம்ல" என்றார். மணியார்டர் அனுப்பியிருக்கிறார். கடைக்குப் போய்ச் சின்ன மூக்கை வாங்கிப் பார்சல் செய்யுங்கள். கடை உங்களுக்குப் பக்கம் என்பதால்தான் கேட்கிறேன், வேறு காரணம் இல்லை.

சுந்தரவல்லி


சென்னை
20–2–1937

சுந்தரவல்லிக்கு,

பாய் அனுப்பிய பணம் கிடைத்தது. கடைக்குப் போனேன். சின்ன மூக்கு விற்றுப்போய்விட்டது. யாரோ வெளியூர்க்காரர் வாங்கிப் போனாராம். மறுபடி சீமையிலிருந்து கப்பலில் வர ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். அதனால் பெரிய மூக்கை வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதுவும் நல்ல பிரஷ்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். கை தேர்ந்தவள் எதிலும் போடலாம் அல்லவா? போட்டுக்கொள்.

காலண்டர் வேலை ஜரூராக நடக்கிறது. உன் உதவி தேவைப்படவில்லை.

ராமமூர்த்தி


செல்லூர்
2–4–1937

அவர்களுக்கு,

பார்சல் வந்து ஐந்து வாரம் ஆகிறது. உடனே எழுதினால் கையில் வந்ததை எழுதிவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன்.

மாற்று ஊசி ஒன்று வேண்டும் என்று பாய் அந்தக் கடைக்கு நேராகக் கடிதம் போட்டார். கடைக்காரர் மரியாதை தெரியாத பயல் இல்லை. நல்ல எழுத்தில் விவரமாகப் பதில் போட்டிருக்கிறார். இரண்டு பிரஷையும் ஒரே நாளில், ஒரே ஆள் வாங்கிப் போனார், பெரிதை மதுரைக்குப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டு, சின்னதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பெயர் ராமமூர்த்தி. பாய் எனக்கு வாசித்துக் காட்டினார். கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பொம்பளைப் பிரஷ் என்று ஏசினீர்கள். நான் வரமாட்டேன் என்றதும் அது வேண்டியிருந்திருக்கிறது. பிரஷ் கைக்கு வந்தால் வேலையும் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தீர்கள். அதற்காகப் பொய். அதுவும் கப்பல், ஆறு மாதம் என்று ஜோடித்த பொய். இந்த அக்கறையைச் சோலையம்மாள் புருவத்தில் காட்டியிருந்தால் நமக்குள் பாதி சண்டை வந்திருக்காது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பெரிய மூக்கில் முதல் வாரம் நான் போட்ட கோடெல்லாம் கிணற்றுக் கயிறு மாதிரி வந்தது. பிரஷுக்காக லாரி டியூபில் காற்றடித்துக் கொடுக்கிற தம்பி நாகு, "அக்கா, இது வெள்ளையடிக்கத்தேன் ஆகும்" என்றான். எனக்கு அழுகை வந்தது, உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் அடங்கிவிட்டது. பிறகு காற்றைக் குறைத்துப் பார்த்தேன். வர்ணத்தைத் தண்ணீராகக் கரைத்தேன். பார்டர் டிசைன் வெட்டுகிற காகிதத்தில் புருவம், இமை, உதடு எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி, படத்தின் மேல் ஒட்டிவைத்து, வெட்டின இடத்தில் மட்டும் மெல்ல ஊதினேன். இருபத்தோரு நாள் ஆயிற்று. தழும்புக்கு மட்டும் மூன்று நாள்.

போன திங்கட்கிழமை பாண்டியம்மாள் வந்தாள். இந்தத் தடவை நான் திரைக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தோம். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். விரலை எச்சிலில் தொட்டு, தழும்பின்மேல் வைத்துத் துடைத்துப் பார்த்தாள். பாய் பதறிப்போய், "அம்மா, அம்மா" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வர்ணம் போகவில்லை. உடனே அவள் படத்தைப் பார்த்து, "ஏண்டி, இம்புட்டு நாளு எங்கடி போயிருந்த?" என்று அதட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

போகும்போது என் கையைக் கேட்டாள். வர்ணமாக இருக்கிறது என்று சொன்னேன். பரவாயில்லை என்று பிடித்துக்கொண்டாள்.

படத்தின் மூலையில் பெயர் வேண்டும் என்றார் பாய். எனக்குப் பழக்கமில்லாததால் முதல் எழுத்தே கோணிவிட்டது. ஆனாலும் என் பெயர்.

சுந்தரவல்லி


சென்னை
24–4–1937

சுந்தரவல்லிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். கோபத்தோடு பதில் எழுதி, கிழித்துப்போட்டேன். ஆகவே தாமதம்.

பிரஷ் விஷயத்தில் நான் செய்தது தப்பு. இதற்கு மேல் நீட்டி எழுத எனக்கு வராது.

காலண்டர் படம் மூன்று தரம் திரும்பி வந்துவிட்டது. வானத்தைப் பார்த்து முதலாளி தலையை ஆட்டுவார். கீழே பார்த்ததும் முகம் சுருங்கும். "புடவையில ஜரிகையக் கேட்டா, மஞ்சத்தண்ணி கொட்டி வச்சிருக்கியே" என்றார். பிரஷில் குறை இருக்கிறது என்று சொன்னேன். அது நாலு சொட்டுக்கு ஒரு தரம் அடைத்துக்கொள்கிறது, தும்முகிறது. ஒரு நாள் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது காட்டின மதுரைப் படத்தை எடுத்து வைத்தார். "இந்தக் கண்ணப் போட்டவன் நீதானே? எனக்கு முன்னால ஒரு கண்ணு போடு" என்றார்.

ஆபீஸ் முழுக்கச் சுற்றி நின்றது. எனக்குக் கை ஓடவில்லை. பிரஷைக் கீழே வைத்துவிட்டு, "என் சம்சாரம் போட்டது" என்றேன். சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப உன்ன எதுக்கு வச்சிருக்கேன்?" என்று கேட்டார்.

இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. காலண்டர் படத்தை நீ மதுரையிலிருந்தே போட்டுத் தரலாம் என்று முதலாளி சொல்கிறார். பெண்ணின் போட்டோவையும் புடவைத் துண்டையும் சின்ன மூக்குப் பிரஷையும் இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ பெண்ணை முடித்து எனக்கு அனுப்பு, வானத்தை நான் போட்டு ஆபீஸில் சேர்க்கிறேன். கையெழுத்து "ராமமூர்த்தி தம்பதி" என்று இருக்கட்டும். அது இருவருக்கும் கௌரவம்.

அதன் பிறகு ஊருக்கு வரலாம் என்று நினைக்கிறேன். உன் அபிப்பிராயம் தெரிந்தால் நல்லது.

ராமமூர்த்தி


செல்லூர்
1–6–1937

அவர்களுக்கு,

பார்சல் வந்தது. பிரஷில் ஒரு குறையும் இல்லை. வர்ணத்தை மல் துணியில் இரண்டு தரம் வடிகட்டி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருஷமும் தினம் காலையில் உங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் மூன்று தரம் திரும்பிவந்திருக்காது.

காலண்டர் படம் முடிந்துவிட்டது. உங்களுக்கு அனுப்பவில்லை. பாய் மூலம் நேராக உங்கள் முதலாளிக்கே அனுப்பினோம். பதில் வந்துவிட்டது. ஜரிகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். தீபாவளிக்குள் இன்னும் இரண்டு படம் கேட்டிருக்கிறார். தம்பதி கிம்பதி எதுவும் எழுதவில்லை. சுந்தரவல்லி, மதுரை என்று எழுதினேன். இப்போது எழுத்து கோணுவதில்லை.

வானத்தையும் நானே போட்டுவிட்டேன். பெண்ணைச் சின்ன மூக்கில் போட்டேன், வானத்துக்கு நீங்கள் ஏமாற்றி அனுப்பிய பெரிய மூக்கு உதவியது. நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லாமல் செய்துவிட்டீர்கள். அந்த மட்டில் உங்கள் பொய்யால் ஸ்டூடியோவுக்கு லாபம்.

எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னீர்கள் என்று வாசித்தேன். வேறு வழியில்லாமல்தான் சொன்னீர்கள். ஆனாலும் சொன்னீர்கள். அதற்கு மேல் புகழ எனக்கு மனசு வரவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நானும் உங்களை மாதிரி ஆகிவிடுவேன். நான் போட்ட வானம் நன்றாக இல்லை. முதலாளியும் ஜவுளிக்கடைக்காரரும் கண்டுபிடிக்கவில்லை. யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிகிறது. சாயங்கால வெளிச்சம் ஆற்றுக்குள் இறங்குகிற இடத்தில் நீங்கள் ஒரு ஊதா போடுவீர்கள், அது எனக்கு வரவில்லை. பதினோரு தரம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அடுத்த இரண்டு படத்துக்கும் பின்னணி போட ஆள் வைக்கலாம் என்று பாயிடம் சொன்னேன். "யாரச் சொல்றீக தங்கச்சி?" என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதிக் கேக்கட்டும். கேட்டாத்தேன் வேல" என்றார்.

கேட்பதானால் பாய்க்கு எழுதுங்கள். வந்தால் திரைக்குப் பின்னால்தான் இடம், முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிரஷைக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். படத்தில் பெயர் போடுகிற பேச்சு கிடையாது.

செல்லூர் வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது பாய் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. அதை எனக்குத் தனியாக எழுதுங்கள். படிப்பேன் என்று மட்டும் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே கவரில் போட்டுவிடாதீர்கள்.

சுந்தரவல்லி